முட்டைக்கோஸ் குகை

லியெபாயாவில் காற்றுதான் முதலில் எழும்,
அதற்கடுத்து விஸ்மா.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள்.
நாற்பது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து
மரக்கட்டைகளைக் கப்பலின் வயிற்றில் இறக்குகிறாள்.
பெட்டியின் மூலைகளில் நிஜச் சிலந்திகள் உண்டு.
"அதுபாட்டுக்கு இருக்கும்" என்பாள்.

விளையாட்டில் வருபவைதான் ஆகாது.
கன்றுக்குட்டி அளவு. கூரையிலிருந்து குதிக்கும்.
மூன்று வாரமாக அவளுடைய வில்லாளி
உப்புக் குகை வாசலில் தீப்பந்தத்தோடு நிற்கிறாள்.
பந்தமும் அணைவதில்லை, அவளும் நுழைவதில்லை.

சிலந்திகளை முட்டைக்கோஸ்களாக்கும் மாட் ஒன்று அகப்பட்டது.
செய்தவர் யாரோ. குறிப்பில் இரண்டே வரி:
1.4 பதிப்பில் மட்டும் ஓடும்.
புதியதில் ஏன் ஓடவில்லை என்று கேட்காதீர்கள், எனக்கு மகள் பிறந்திருக்கிறாள்.

எங்களிடம் இருந்தது 1.6.
ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி யாரையும் கேட்காமல்
தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.
தண்ணீரில் நிலா முன்னைவிட அழகு, அது உண்மைதான்.

அவள் இரவு ஷிப்டுக்குக் கிளம்பியதும் ஆரம்பித்தேன்.
நீக்கு என்றேன். நிஜமாகவா என்றது.
நீக்கிய பிறகும் ஒரு ஃபோல்டர் மிச்சம் இருந்தது,
காலி செய்த வீட்டுச் சுவரில் ஆணி மாதிரி.
அதைக் கையால்தான் பிடுங்க வேண்டும்.

பிறகு கறுப்புத் திரை, பத்தொன்பது இலக்க எண்கள்.
ஒன்று பிசகினால் வேறெதுவோ வந்து இறங்கும்.
முதல் தடவை
ஜெர்மன் மொழிக் குரல்கள் மட்டும் வந்தன:
உடம்பில்லாத ஊர் ஒன்று,
முழுக்க முழுக்க ஜெர்மனில் பேசிக்கொண்டு.
இரண்டாம் தடவை முப்பத்தொன்பது ஜிபி.
மேல்மாடி ஏவால்ட்ஸ் படம் பார்க்கும்வரை இணையம் தவழும்,
அவர் தூங்கியதும் ஓடும்.
இரண்டரை மணிக்குத் தூங்கினார்.

பழைய குருடி கதவைத் திறடி,
அவ்வளவுதானே என்றிருந்தேன்.
கதவு திறந்தது. திரை இருண்டது.
ஒரு சத்தமும் இல்லாமல் என்னை வெளியே தள்ளிச் சாத்தியது.
மாட்களின் வரிசையை மாற்றினேன். தள்ளியது.
மறுபடி மாற்றினேன்.
நாலேகாலுக்கு உள்ளே விட்டது.
மறுபடி தானாக எதுவும் வந்து ஏறாதபடி
கோப்பைப் பூட்டினேன்.

அப்போதுதான் கவனித்தேன், சேமித்த ஆட்டங்கள் பட்டியல் காலி.
புதியதில் எழுதியதைப் பழையதற்குப் படிக்கத் தெரியாது.
அதன்மேல் குற்றம் சொல்ல முடியாது,
அது செய்யப்பட்ட நாளில் அந்தச் சொற்களே பிறக்கவில்லை.
அறுபத்திரண்டு மணி நேரம் விளையாடியிருந்தாள்.
வில், படகு, குட்டியிலிருந்து அவள் வளர்த்த நரி.
எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் போட்டு
கரண்டி டிராயரில் வைத்தேன்,
ஏன் அங்கே என்று கேட்டால் பதில் இல்லை.

ஏழு மணிக்கு டீசலும் பனியும் மணக்க வந்தாள்.
சொன்னேன்.
ஒரு பூட்ஸைக் கழற்றினாள்.
"நரி?"
"நரியும்தான்."
இன்னொரு பூட்ஸைக் கழற்ற வெகுநேரம் பிடித்தது.
நின்றபடியே கருப்பு ரொட்டியும் வெண்ணெயும் தின்றாள்.
"எப்போது கேட்கலாம் என்றிருந்தாய், ரைட்டிஸ்?"
நான் கெட்டிலைக் கழுவினேன்.
ஏற்கெனவே கழுவியதுதான்.

தூங்கப் போவாள் என்று நினைத்தேன்.
நாற்காலியை இழுத்துப் போட்டாள்.
புது ஆட்டம். பெயர் வைக்கவில்லை, முகத்தையும் திருத்தவில்லை.
கந்தலும் ஒரு கட்டையுமாக, முதல் நிலையிலேயே
நேராக உப்புக் குகைக்கு நடந்தாள்.

கூரையிலிருந்து விழுந்தது, பச்சையாக, உருண்டையாக.
இலையெல்லாம் விரித்து எங்களை நோக்கி உருண்டது.
அவள் சிரிக்க வாய் திறந்தாள்,
ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள்.
உருவம் மாறியிருந்தது, சத்தம் மாறவில்லை.
எட்டுக் கால்களும் கல்லில் கீறிக்கொண்டுதான் இருந்தன.

மூச்சு அடங்கியதும் ஹெட்போனை என் தலையில் மாட்டினாள்.
"நீ கேள். எனக்குப் பக்கத்தை மட்டும் சொல்."

இடது என்றேன்.
இடது, இன்னும் ஒன்று.
பின்னால்.
ஜன்னலையும் ஏதோ கீறியது.
அது காற்று,
அதை எண்ணவில்லை.